இன்டர்ன்ஷிப்பை ரத்து செய்துவிட்டார்களா? முதல் இரண்டு நாள் முக்கியம்

2023 ஏப்ரல் 20, வியாழக்கிழமை. ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டோடு வரிசையில் நின்றபோது அந்த மின்னஞ்சல் வந்தது. மும்பை லோயர் பரேலில் ஒரு சட்ட நிறுவனத்தில் மே 2 முதல் 4 வாரம் இன்டர்ன்ஷிப் என்று ஜனவரியிலேயே ஆஃபர் லெட்டர் வாங்கியிருந்தேன். ஸ்டைபெண்ட், அதாவது பயிற்சிக்கால உதவித்தொகை, 15,000 ரூபாய். இப்போது வந்ததில் நான்கே வரி. உள் காரணங்களால் கோடைக்கால இன்டர்ன்ஷிப் ரத்து செய்யப்படுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். 29-ஆம் தேதிக்கு ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. மாட்டுங்காவில் பி.ஜி.க்கு (வாடகைக்குத் தங்கும் விடுதி) 4,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. கரூரில் அம்மா தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

நான் அப்போது ஐந்து வருடச் சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டு. இப்போது சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூனியர் வக்கீலாக இருக்கிறேன். கோடை நெருங்கும்போது யாராவது ஒரு தம்பியோ தங்கையோ இதே செய்தியோடு போன் செய்கிறார்கள். அவர்களிடம் வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அன்று இரவு

அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். ஆனால் தூங்கப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஆஃபர் லெட்டர், நீங்கள் ஒப்புக்கொண்டு அனுப்பிய பதில், ஸ்டைபெண்ட் தொகை எழுதியிருக்கும் படிவம், ரத்து செய்த மின்னஞ்சல் எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக்கி உங்கள் சொந்தக் கணக்கில் போட்டு வையுங்கள். எனக்கு ஸ்டைபெண்ட் விவரம் ஆஃபர் லெட்டரில் இல்லை. சேரும் முன் நிரப்பச் சொன்ன இணையப் படிவத்தில்தான் இருந்தது. மறுநாள் காலை அந்த லிங்க் திறக்கவில்லை. முந்தைய இரவு என் அறைத்தோழி அதைப் படம் பிடித்து வைக்கச் சொன்னதால் தப்பித்தேன்.

அன்று இரவே பதில் அனுப்பாதீர்கள். நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். என் மதிப்பெண்கள், நான் வேண்டாமென்று விட்ட இன்னொரு இடம், அப்பாவின் சம்பளம் எல்லாம் அதில் இருந்தன. ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனாலும் அதைப் படிக்கிறவரால் எதையும் செய்து தர முடியாது, ஏனென்றால் நான் எதையும் கேட்கவே இல்லை. மனக்குறையை மட்டும்தான் எழுதியிருந்தேன்.

ஒரு விஷயம் இடையில். இன்டர்ன்ஷிப்புக்கு நீங்கள் 'பதிவுக் கட்டணம்', 'பயிற்சிக் கட்டணம்' என்று பணம் கட்டியிருந்து, பிறகு அது ரத்தாகியிருந்தால், இந்தக் கட்டுரையில் சொல்லும் வழி உங்களுக்குப் பொருந்தாது. ஸ்டைபெண்ட் கொடுக்கிற இடம் உங்களிடம் காசு கேட்காது. அது மோசடியாக இருக்கலாம். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். நேரம் ஆக ஆகப் பணத்தைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம்.

அடுத்த நாள் காலை அனுப்பும் கடிதம்

என் அனுபவத்தில் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஒரு மாணவருக்குக் கொடுத்த வாக்கை மீறும்போது அந்த அலுவலகத்தில் யாரோ ஒருவருக்காவது கூச்சம் இருக்கும். அந்தக் கூச்சம் இரண்டு நாள்தான் தாங்கும். அடுத்த வாரம் நீங்கள் ஒரு பழைய ஃபைல் ஆகிவிடுவீர்கள். எனவே கேட்க வேண்டியதை அதற்குள் கேட்டுவிடுங்கள். யாருக்கு அனுப்புவது என்றால், ரத்து செய்தவருக்கும், உங்களை நேர்காணல் செய்த வக்கீலுக்கும் ஒரே மின்னஞ்சலில். எச்.ஆர். பிரிவுக்கு மட்டும் அனுப்பினால் அங்கேயே நின்றுவிடும்.

நான் காலை ஒன்பதரைக்கு ஆங்கிலத்தில் அனுப்பியதன் சாரம் இது:

"தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. ஜனவரியில் தாங்கள் தந்த ஆஃபரை ஏற்று, மே மாதத்துக்கான வேறொரு வாய்ப்பை விட்டுவிட்டேன். பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் பணம் கட்டியிருக்கிறேன், ரசீதுகளை இணைத்துள்ளேன். நான்கு விஷயங்களில் தங்கள் உதவி தேவை. ஒன்று, இந்த ரத்து எல்லா இன்டர்ன்களுக்குமா, எனக்கு மட்டுமா என்று தெரிவிக்க வேண்டும். இரண்டு, வேறு தேதியிலோ வேறு கிளையிலோ, வீட்டிலிருந்தே செய்யும் ஆராய்ச்சி வேலையாகவோ இடம் தர முடியுமா? மூன்று, திரும்பக் கிடைக்காத செலவை மட்டும் ஈடுசெய்ய வேண்டும். நான்கு, நான் தேர்வு செய்யப்பட்டிருந்தேன் என்றும், ரத்து நிறுவனத்தின் காரணத்தால் நடந்தது என்றும் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வேண்டும். வரும் செவ்வாய்க்குள் பதில் கிடைத்தால், கல்லூரிக்குத் தெரிவிக்க உதவியாக இருக்கும்."

முதல் கேள்வியைப் பலர் கேட்கத் தயங்குகிறார்கள். எனக்கு அதன் பதில்தான் தூக்கத்தைத் திருப்பித் தந்தது. அன்று மாலையே எச்.ஆர். பிரிவிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். அந்தக் கோடைக்கு எடுத்திருந்த எல்லோரையும் வேண்டாமென்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை நான் ஒரு நாள் முழுக்க என் ரெஸ்யூமேயில் தப்புத் தேடிக்கொண்டிருந்தேன். உங்களை மட்டும் நீக்கியிருந்தால் அதையும் தெரிந்துகொள்வது நல்லது. ஏதாவது ஆவணம் போய்ச் சேராமல் இருந்திருக்கலாம், அதைச் சரிசெய்ய வழி இருக்கலாம்.

மூன்றாவதில் 'திரும்பக் கிடைக்காத செலவை மட்டும்' என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. ரயில் டிக்கெட்டை அன்று காலையே ரத்து செய்திருந்தேன். ஸ்லீப்பர், இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்ததால் டிக்கெட்டுக்கு 120 ரூபாய்தான் பிடித்தார்கள். போக வர 240. பி.ஜி. அக்கா அட்வான்ஸைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆக மொத்தம் 4,240 ரூபாய் கேட்டேன். 15,000-ஐயும் சேர்த்துக் கேட்டிருந்தால் அந்தக் கடிதம் மேலே போய், யோசித்து, கையெழுத்துக்குக் காத்திருந்து, கடைசியில் பதிலே வராமல் போயிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். சின்னத் தொகை, ரசீதோடு கூடிய தொகை, ஒரு மேலாளரே ஒப்புக்கொள்ளக்கூடிய தொகை. எட்டு நாளில் 4,000 வந்தது. மீதி 240-ஐ நான் கேட்கவில்லை.

வேறு தேதி தர முடியாது என்றார்கள். நான்காவதாகக் கேட்ட கடிதம் மட்டும் ஒரு வாரம் இழுத்தது. இரண்டு முறை நினைவூட்டினேன். கடைசியில் என்ன எழுத வேண்டுமென்று நானே மூன்று வரி எழுதி அனுப்பினேன். அதையே லெட்டர்ஹெட்டில் போட்டு அனுப்பினார்கள். நீங்கள் முதலிலேயே அப்படிச் செய்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

சட்டம் படிக்கிறவர்களுக்கு முதலில் வரும் எண்ணம் நோட்டீஸ் விடலாமா என்பதுதான். ஆஃபர், ஏற்பு, தொகை எல்லாம் இருந்தால் அது ஒப்பந்தம் என்று வாதாட இடமிருக்கிறது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறியதால் இயல்பாக வந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்கலாம் என்கிறது. ஆனால் அதே பிரிவின் விளக்கத்தையும் படியுங்கள். நஷ்டத்தைக் கணக்கிடும்போது, அந்தச் சிரமத்தைச் சரிசெய்ய உங்களுக்கு என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. சும்மா இருந்துவிட்டு முழுத் தொகையையும் கேட்க முடியாது. நீங்கள் வேறு இடம் தேடி அலைந்ததற்கான மின்னஞ்சல்களை வைத்திருக்க இதுவும் ஒரு காரணம். அவர்களை வற்புறுத்தி உங்களை உள்ளே உட்கார வைக்க நீதிமன்றமும் உத்தரவிடாது. ஒருவரின் சொந்தத் திறமையைச் சார்ந்த ஒப்பந்தத்தை அப்படி நிறைவேற்ற முடியாதென்று 1963-ஆம் வருடக் குறித்தவகைத் துயர்தணிப்புச் சட்டத்தின் (Specific Relief Act) 14-ஆம் பிரிவு சொல்கிறது. இதையெல்லாம்விட, ஆஃபர் லெட்டரின் கடைசிப் பத்தியில் 'எப்போது வேண்டுமானாலும் காரணம் கூறாமல் திரும்பப் பெறலாம்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் இருந்தது. கையெழுத்துப் போட்ட அன்று நான் அதைப் படிக்கவே இல்லை.

நோட்டீஸ் வேண்டாம் என்பதே என் கருத்து. ஒன்றைத் தவிர: நீங்கள் வேலை பார்த்த பிறகு நிறுத்திவிட்டு, பார்த்த நாட்களுக்குப் பணம் தராமல் விட்டால், அது உங்கள் உழைப்பின் காசு. அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

வீட்டில் சொல்வது

நான் இரண்டு நாள் சொல்லவில்லை. அது தப்பு. சனிக்கிழமை அப்பாவுக்கு போன் செய்து, "ரத்து பண்ணிட்டாங்கப்பா" என்றேன். அப்பா டெக்ஸ்டைல் கம்பெனியில் சூப்பர்வைசர். ஏற்றுமதி ஆர்டர் கடைசி நேரத்தில் நின்றுபோவதை வருடத்துக்கு இரண்டு தடவை பார்க்கிறவர். "சரி கண்ணு, டிக்கெட்டக் கேன்சல் பண்ணிட்டியா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அடுத்தது, "எவ்வளவு கையவிட்டுப் போச்சு, கணக்குப் போட்டியா?"

போடவில்லை. போனிலேயே போட்டோம். பி.ஜி. வாடகை 9,000, சாப்பாடு 4,000, ரயிலும் லோக்கல் பாஸும் இதர செலவும் 1,600. மொத்தம் 14,600. வரவிருந்த 15,000-இல் கையில் நின்றிருக்கப் போவது 400 ரூபாய்! மனசுக்குள் 15,000 இழந்துவிட்டதாகச் சுமந்துகொண்டிருந்தேன். உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். அந்தப் பணத்தை நம்பித்தான் அடுத்த செமஸ்டர் கட்டணம் என்றால், அதை இப்போதே வீட்டிலும் கல்லூரியிலும் சொல்ல வேண்டும். எப்படியானாலும் தாளில் எழுதிப் பாருங்கள்.

லிங்க்ட்இன்னில் போட்டிருந்த அறிவிப்பை நான் சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன். விளக்கம் எழுதவில்லை. கேட்டவர்களுக்கு மட்டும் ஒரு வரியில் சொன்னேன். அந்த மே மாதம் முழுக்க அந்தச் செயலியைப் போனிலிருந்தே எடுத்துவிட்டேன், ஏனென்றால் வகுப்பில் மூன்று பேர் மும்பையில்தான் இருந்தார்கள். அவர்கள் படங்களைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

கல்லூரியில்

வக்கீல் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் வருடச் சட்டக் கல்வி விதிகளின்படி, ஐந்து வருடப் படிப்புக்கு மொத்தம் 20 வாரமும் மூன்று வருடப் படிப்புக்கு 12 வாரமும் இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும். ஒரு வருடத்தில் தொடர்ந்து 4 வாரத்துக்கு மேல் கணக்கில் வராது. அதனால் ஒரு கோடையை விட்டால் பிறகு ஒரே மூச்சில் ஈடுகட்ட முடியாது. கல்லூரி கொடுத்த தடையின்மைக் கடிதம் பழைய நிறுவனத்தின் பேரில் இருக்கும். புதிய இடத்துக்குப் புதிது வேண்டும். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும், கோடையில் அலுவலக ஆட்களும் குறைவு. பொறுப்பு ஆசிரியரிடம் ரத்துக் கடிதத்தைக் காட்டி, பெயர் குறிக்காமல் 'சம்பந்தப்பட்டவருக்கு' என்று ஒன்று வாங்கி வைத்துக்கொண்டேன். அது கையில் இருந்ததால்தான் இடம் கிடைத்த அன்றே சேர முடிந்தது.

மே மாதத்தில் இடம் தேடுவது

சிக்கல் என்னவென்றால், மே மாதம் உயர் நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. சிவில் கோர்ட்டுகளும் மூடியிருக்கும். அவசர வழக்குகளுக்கு விடுமுறைக்கால அமர்வு மட்டும் நடக்கும். பெரிய அலுவலகங்களில் ஆட்களை ஏற்கெனவே எடுத்து முடித்திருப்பார்கள். நான் வெள்ளிக்கிழமை முழுக்க 30 இடங்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன். இரண்டு பதில் வந்தது, இரண்டும் 'அடுத்த வருடம் பாருங்கள்'.

திங்கள்கிழமை முறையை மாற்றினேன். விடுமுறை தொடங்க இன்னும் ஐந்து வேலை நாள் இருந்தது. வக்கீல்கள் பகலில் கோர்ட்டில் இருப்பார்கள், மாலை ஐந்தரைக்கு மேல் அலுவலகம் திரும்புவார்கள். அந்த நேரத்தில், சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் வக்கீல் அலுவலகங்கள் நிறைந்த தம்புச்செட்டித் தெரு, லிங்கிச்செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு என்று மாடி மாடியாக ஏறினேன். கையில் ஒரு பக்க ரெஸ்யூமே, கல்லூரிக் கடிதம். வெள்ளைச் சுடிதார், கறுப்புக் கோட். மும்பைக்கென்று தைத்த கோட் அது.

சொல்ல வேண்டியதை முன்பே மனப்பாடம் செய்திருந்தேன். "சார், நான் நாலாம் வருஷம். மே மாசம் போக இருந்த ஆபீஸ்ல ப்ரோகிராமையே நிறுத்திட்டாங்க. நாலு வாரம் முழுசா ஃப்ரீயா இருக்கேன். தமிழ்ல இருந்து இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு நல்லா பண்ணுவேன். மே மாசத்துல உங்களுக்கு ஆள் தேவைப்படுமா?" அவ்வளவுதான். ரத்தானதை மறைக்க வேண்டியதில்லை. கடைசி நேரத்தில் ஏன் தேடுகிறாள் என்ற சந்தேகம் அதிலேயே தீர்ந்துவிடுகிறது.

மூன்றாம் நாள் எனக்கு வழி காட்டியது ஒரு குமாஸ்தா அண்ணன். அவருடைய சீனியர் வக்கீலுக்கு ஆள் தேவையில்லை. ஆனால் எந்த அலுவலகத்தில் ஜூனியர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறார், எங்கே வழக்குக் கட்டு குவிந்து கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். "கிரிமினல் சைடு பாக்கறீங்களாம்மா? சைதாப்பேட்டைல மே மாசமும் கோர்ட் நடக்கும்" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளுக்கு சிவில் கோர்ட் போல ஒரு மாத விடுமுறை கிடையாது. எனவே மே மாதத்தில் தேடுகிறவர்கள் முதலில் சைதாப்பேட்டை, எழும்பூர், ஜார்ஜ் டவுன் பக்கம் பயிற்சி செய்யும் வக்கீல்களைக் கேளுங்கள். குமாஸ்தாக்களிடம் மரியாதையாகப் பேசுங்கள். இன்னொரு இடம், இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். சொந்த ஊரில் தங்கிச் செய்யலாம், வாடகைச் செலவு இல்லை. ஸ்டைபெண்டை எதிர்பார்க்காமல் போங்கள்.

சைதாப்பேட்டையில் ஒரு சீனியர் வக்கீலிடம் 4 வாரம் இருந்தேன். பெரும்பாலும் பணமில்லாமல் திரும்பிய காசோலை வழக்குகள். காலையில் இ-கோர்ட்ஸ் செயலியில் பட்டியலைப் பார்ப்பது, கட்டை எடுத்து வைப்பது, வாய்தா தேதியை டைரியில் குறிப்பது, குறுக்கு விசாரணையைக் குறிப்பெடுப்பது. கம்பெனிச் சட்டம் கற்கப் போகிறோம் என்று இருந்தவளுக்கு முதல் வாரம் பிடிக்கவில்லை. ஆனால் பார் கவுன்சில் விதிகளில் மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றப் பயிற்சி) தாளின் ஒரு பகுதி, 30 மதிப்பெண், ஒரு சிவில் ஒரு கிரிமினல் என இரண்டு வழக்கு விசாரணைகளைப் பார்த்துப் பதிவு செய்வதற்கு. படிப்புக்காலத்தில் ஒரு முறையாவது விசாரணை நீதிமன்ற, மேல்முறையீட்டு வக்கீல்களிடம் இருந்திருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. இவற்றில் என் கிரிமினல் பகுதி அந்த மாதத்தில் முடிந்தது. டைரியை அன்றன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதினால் வாய்தா தேதிகள் எல்லாம் குழம்பிவிடும்.

கையில் கொஞ்சம் காசு

சீனியர் ஸ்டைபெண்ட் தரவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் சட்ட மாணவர்களுக்கு ஒரு வேலை எப்போதும் இருக்கிறது. கீழமை நீதிமன்றங்களில் சாட்சி வாக்குமூலம், முதல் தகவல் அறிக்கை, பத்திரம் எல்லாம் தமிழில் இருக்கும். உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் மொழி ஆங்கிலம், அரசமைப்பின் 348-ஆம் உறுப்பின்படி. அதனால் மேல்முறையீட்டுக்குப் போகும் கட்டு ஒவ்வொன்றுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். எனக்குப் பக்கத்துக்கு 70 ரூபாய் கொடுத்தார்கள். இரவில் உட்கார்ந்து 88 பக்கம் செய்தேன், 6,160 ரூபாய். ஆரம்பத்தில் பழைய கிரயப் பத்திரங்கள் திணற வைத்தன. 'நாளது தேதி', 'ஷை', 'செக்குபந்தி' என்று ஒவ்வொரு வரியிலும் நிற்க வேண்டியிருந்தது. ஒரு நோட்டில் சொற்களை எழுதிக்கொண்டே வந்தேன், இன்றும் அது மேசையில் இருக்கிறது. விலையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், எத்தனை பக்கம் என்பதை ஆங்கிலப் பிரதியைப் பார்த்து எண்ணுவதா தமிழ்ப் பிரதியைப் பார்த்தா என்பதையும். அதில்தான் பிறகு சங்கடம் வரும்.

ரெஸ்யூமேயும் நேர்காணலும்

ரத்தான இன்டர்ன்ஷிப்பைச் செய்ததாக ரெஸ்யூமேயில் போடாதீர்கள். ஒரு போன் போதும் உண்மை தெரிய. நேர்காணலில் அந்தக் கோடையைப் பற்றிக் கேட்டால், 'மும்பையில் தேர்வாகியிருந்தேன், நிறுவனம் அந்த வருட ப்ரோகிராமை நிறுத்தியது, கடிதம் இருக்கிறது, அந்த மாதம் சைதாப்பேட்டையில் விசாரணை நீதிமன்ற வேலை பார்த்தேன்' என்று சொல்லிவிட்டு அங்கே பார்த்த ஒரு குறுக்கு விசாரணைக்குப் போய்விடுங்கள். நான் மூன்று நேர்காணல்களில் அதைச் சொன்னேன். மூன்றிலும் அடுத்த கேள்வி சைதாப்பேட்டையைப் பற்றியதுதான்.

அந்த நிறுவனத்துக்கு ஜூலையில் மறுபடி எழுதினேன். பழைய கடிதத்தை இணைத்து, மே மாதம் செய்ததை இரண்டு வரியில் சொல்லி, டிசம்பரில் இடம் இருந்தால் பரிசீலிக்கும்படி கேட்டேன். பதில் வரவில்லை. அதே மின்னஞ்சலை, அதே கடிதத்தோடு, சென்னையில் நான்கு அலுவலகங்களுக்கு அனுப்பினேன். நுங்கம்பாக்கத்தில் ஒன்று செப்டம்பரில் கூப்பிட்டது, டிசம்பரில் 3 வாரம், ஸ்டைபெண்ட் 8,000. கையெழுத்துப் போடும் முன் கடைசிப் பத்தியைப் படித்தேன். அங்கேயும் அதே வரி இருந்தது. ரத்து செய்வதென்றால் 15 நாளுக்கு முன் தெரிவிக்க முடியுமா என்று கேட்டேன். முடியும் என்று மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்தார்கள்.